சமையக்கட்டுல சொன்ன சரி

எங்க ஊட்டுக்காரர் கோதண்டத்துக்குப் பாம்புன்னா பயமில்ல, மேனேஜர்னா பயமில்ல. கொரட்டூர் ஏரி ரொம்பி தெருவுக்குள்ள தண்ணி பூந்தப்பகூட லுங்கிய மடிச்சிக் கட்டிகினு சிரிச்சிகினு நின்னவரு. தொண்ணூத்தொம்பதுல அதே மனுஷன் மெயில் பார்க்க பயந்து நடுங்கினத நான் என் கண்ணால பார்த்தேன்.

அவரு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர் செக்‌ஷன். வேலைக்குப் போய் வந்த நேரம் போக, ஊட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர வெச்சிகினு தமிழ் டைப் அடிக்க ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு. பேரு கொன்றை. வித்துத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டாராம். உள்ள எழுதினதையும் சேர்த்து ஊருக்கே சும்மா குடுத்துட்டாரு. யாரு வேணா திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தினத திருப்பி அனுப்பலாம். கனடாவுல வரதன்னு ஒரு இன்ஜினியரு, சிங்கப்பூர்ல ஒரு வாத்தியாரம்மா, ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல பால்ராஜ், இன்னும் எங்கெங்கியோ இருந்து ஆளுங்க. ஒரு குரூப்பே சேர்ந்துச்சு. பேச்செல்லாம் மெயில்லதான்.

குரூப்புக்கு ஒரு சட்டம். யாரு திருத்தம் எழுதினாலும் வேற ரெண்டு பேரு ஓட்டிப் பார்த்து சரின்னு சொல்லணும், அப்பத்தான் அது சேரும். சட்டம் போட்டவரே இவருதான். சேர்த்து வெளியிடற பாஸ்வேர்டு மட்டும் இவருகிட்டியே இருந்துச்சு.

தை மாசம் வந்துச்சு. பூந்தமல்லில கொன்றைய வெச்சி கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க, புதுசு எப்போ, எப்போன்னு நச்சரிச்சிட்டாங்க. இவரு ஒரு திருத்தம் எழுதி வெச்சிகினு உக்காந்திருந்தாரு. சரி பார்க்க குரூப்புல ஒருத்தனுக்கும் நேரமில்ல.

நான் அடுப்புல கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன். "பார்வதம், இத கொஞ்சம் அடிச்சிப் பாரேன்"னாரு. கைய முந்தானைல தொடைச்சிகினு, எங்கம்மா பேரு, தங்கச்சி பேருன்னு நாலு பேரு அடிச்சேன். "நல்லாத்தான் கீது, சரி"ன்னுட்டு ஓடினேன், கொழம்பு அடிப்பிடிச்சிடுமே! மனுஷன் அத ஒரு சரின்னு கணக்குல வெச்சிகினாரு. எழுதின இவரே இன்னொரு சரியும் போட்டுகினாரு. வெளியிட்டுட்டாரு.

புது எழுத்து அடிச்சா ஒரு கோளாறும் இல்ல. பழைய ஃபைல திறந்து சேவ் பண்ணா மட்டும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சி. சிங்கப்பூர் வாத்தியாரம்மா பசங்களுக்காக எழுதின பாடமெல்லாம் ஒரேயடியா போச்சு. அவங்க போட்ட மெயில் அழுதுகினே எழுதின மாதிரி இருந்துச்சு.

பால்ராஜ் நேர்லயே வந்துட்டாரு. "அண்ணாத்தே, ஒரு சரி பார்வதம்னு போட்டுகீறியே, யாரு அது? புது மெம்பரா?"

இவரு திரும்பி என்னப் பார்த்தாரு. உலகத்துல எங்கெங்கியோ கீறவங்க என் பேர சொல்லித் திட்டிகினு இருக்காங்களா? "அடப்பாவி மனுஷா! கரண்டியோட நின்னு சொன்னதெல்லாம் ஒரு ஓட்டாய்யா?"ன்னு கத்தினேன்.

பால்ராஜ் சிரிக்கல. "கோச்சிக்காதீங்க அண்ணி. பாஸ்வேர்டு ஒரே ஆளுகிட்ட கீறதாலதான் இந்த வினை. வேற தலைவர் வேணும்னு வரதன் எழுதிட்டாரு. நானும் அதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கிறவங்க பேரு குடுக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கோளாற இவரு அன்னிக்கே சரி பண்ணிட்டாரு. ஆனா போன பாடம் போனதுதான். அப்புறம் அந்த வாரம் பூரா சோறு எறங்கல. "கொன்றைய புடுங்கிகினு போயிடுவாங்கடி. பேரையும் மாத்திடுவாங்க. நான் பெத்த புள்ள மாதிரிடி அது." ஃபோன் அடிச்சாலே தூக்கிவாரிப் போடும். "போனா போட்டும், சனியன்"னு வாய்தான் சொல்லிச்சு. அது போயிட்டா இந்த ஆளு இன்னா ஆவாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒதறல்.

ஊட்ல நெட் இல்ல, ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட கீற ப்ரௌசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்க்க மாட்டேன்னாரு. நான்தான் இழுத்துகினு போனேன். மௌஸ என் பக்கம் தள்ளி உட்டாரு, நானே புடிச்சேன். ஒவ்வொரு மெயிலாத் திறந்தேன். வரதனுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாம், நிக்க முடியாதாம். வாத்தியாரம்மாவுக்குப் பரீட்சை நேரம். பால்ராஜுக்கு ஷிப்ட்டு மாத்திட்டாங்களாம். "நீயே இரு அண்ணாத்தே." அம்புட்டு சத்தம் போட்டதுல ஒருத்தர்கூட பேரு குடுக்கல.

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பார்க்கற மாதிரி சிரிச்சிட்டேன். "பார்த்தியாய்யா! உன்ன உட்டா நாதியில்ல அவங்களுக்கு. இதுக்கா ஒரு வாரமா செத்து செத்துப் பொழைச்சே?"

அவரு சிரிக்கல. வரும்போது இருந்தத விட மொகம் வெளுத்திருந்துச்சு. என் கைய இறுக்கிப் புடிச்சிகினாரு.

"புரியலியா பார்வதம்? நான் தப்பு பண்ணேன். பண்ணவனையே திரும்ப உக்கார வெச்சிட்டு எல்லாரும் அவங்கவங்க வேலையப் பார்க்கப் போயிட்டாங்க. இனிமே நான் இன்னா பண்ணாலும் வேணாம்னு சொல்றதுக்கு ஆளே இல்லடி."

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.