வடக்கே திருப்பிய படகு

ஆந்திரா எல்லையை அளந்த காலத்தில் நான் சர்வேயர். பழவேற்காடு ஏரியில் எதிரே தெரிந்த தீவுக்குப் போகவேண்டும். படகோட்டி கன்னியப்பன் படகை வெகுவாக வடக்கே திருப்பினார்.

“நேரா போய்யா” என்று அதட்டினேன்.

“தண்ணி கடல் பக்கம் இழுத்துக்கினு போவுது சார். வடக்கே புடிச்சாதான் தீவுல சேருவோம்.”

நான் கேட்கவில்லை. நேராகப் போன படகை நீரோட்டம் முகத்துவாரத்துப் பக்கம் தள்ளி, சேற்றுத்திட்டில் ஏற்றிவிட்டது. தண்ணீரும் வடிந்தது. இறங்கினால் இடுப்பு வரை புதையும். கடல் ஏறித் தண்ணீர் திரும்பும்வரை வெயிலில் அங்கேயே கிடந்தோம். தன் குடிதண்ணீரை அவர் எனக்கே கொடுத்தார்.

மாலையில் அதிகாரி தாமதத்துக்குக் காரணம் கேட்டார்.

“நான்தான் தப்பா ஓட்டிட்டேன் சார்” என்றார் கன்னியப்பன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்தவன் நான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.