முளைக்காத முப்பது

அண்ணன் போனில் கேட்டதும் தையல்காரிக்கு முதலில் வந்தது சிரிப்புதான். ஐந்து வருடமாக, தங்கை இருக்கிறாளா செத்தாளா என்று விசாரிக்காத மனிதர், அப்பாவின் பூசணி விதையை விசாரிக்கிறார்.

"அப்பா எடுத்து வச்ச விதை உன் நூல் டப்பாலதானே இருந்துச்சு? கொஞ்சம் தேடிப் பாரும்மா."

தேட என்ன இருக்கிறது? அந்த டப்பாவும் தையல் மெஷினும்தான் பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சொத்து. நான்கு வருடம் படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்தவள் அவள். அப்பா போன மறுவாரம், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் பூட்டை மாற்றிவிட்டார். திரும்பி வந்தபோது மெஷின் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தத் தோட்டத்தில் பூசணி பூண்டோடு போய்விட்டது. அப்பாவின் பூசணியை மறுபடி காய்க்க வைக்கிறேன் பார் என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"பாக்குறேன்" என்றாள்.

உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தில் பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. உள்ளே நாற்பத்தேழு விதைகள். செத்த விதை என்றால் தாராளமாகக் கொடுத்துவிடலாம், வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். உயிருள்ளது ஒன்றுகூட அவர் கைக்குப் போகக்கூடாது. பத்து விதையை எண்ணி எடுத்து, நனைத்த லைனிங் துணியில் சுருட்டி, இஸ்திரி மேசையோரம் கதகதப்பான இடத்தில் வைத்தாள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளித்தாள். எட்டாம் நாள் பிரித்தபோது ஒன்று மட்டும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது.

பத்துக்கு ஒன்று. யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். அவளுக்கோ அந்த ஒன்றுதான் உறுத்தியது. மீதியை அப்படியே கொடுத்தால் அண்ணனுக்கு மூன்று நான்கு கொடியாவது வந்துவிடும். தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க அவருக்கு ஒரு கொடி போதும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மீதி முப்பத்தேழையும் அதேபோல் நனைத்து வைத்தாள். நான்கு முளைத்தன. முதலில் வந்ததோடு சேர்த்து ஐந்தையும் தன் ஜன்னலுக்கு வெளியே தொட்டிகளில் நட்டாள். அழுகியதைக் கழித்துவிட்டு, கெட்டியாகக் கிடந்த முப்பதைக் கழுவித் துடைத்து நிழலில் காயவைத்தாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா எழுதிய அதே உறையில் போட்டு அனுப்பினாள். இத்தனை பொறுமையாக அவள் யாருக்கும் ஒரு பட்டன்கூட வைத்ததில்லை.

நாற்பது நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டார். அவள் கொடிகள் அப்போது ஜன்னல் கம்பியில் ஏறிப் பூவிட்டிருந்தன.

"மண்ணை மாத்திப் பாத்தேன்மா. எருவும் போட்டேன். ஒண்ணுகூட வரல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் பண்ணதை அப்பா மன்னிக்கல போல."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. உண்மை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்திட்டே இருங்கண்ணா," என்றாள். "வரும்."