கிள்ளானுக்குப் போட்டி கேட்ட கதை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்கும் ஆசிரியையான எனக்கே எதிர்ப்பேச்சு பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்? என் தோழி நம்புவாள். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அணியில் பேசியவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருந்து வேலைக்குப் போய் வருகிறாள்.

பன்னாட்டு இளையோர் விவாதப் போட்டியை எங்கள் ஊரில் நடத்த விண்ணப்பிக்கும் யோசனை என்னுடையது. காரணம் ஒரு மாணவி. எங்கள் ஊர்ப் பண்டமாரான் பகுதிப் பெண், துறைமுகத்தில் லோரி ஓட்டுபவரின் மகள். போன முறை வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியும், விசா வருவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது. போட்டி இங்கேயே நடந்தால், நடத்தும் ஊர் என்று எங்களுக்குக் கூடுதலாக ஓர் அணி கிடைக்கும், அவளும் பேசலாம்.

நாற்பது பக்கத்தில் விண்ணப்பம் தயாரித்தேன். மண்டபம், இரட்டைக் கோபுரம், சாப்பாடு என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். பெருமையாகத் தோழிக்கு அனுப்பிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் அவளைச் சந்தித்தேன். அவள் கைப்பேசி எழுத்துகளை உரக்க வாசிக்கும். படம் வந்தால் ‘இமேஜ்’ என்று மட்டும் சொல்லும். அதை மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினாள். இமேஜ். இமேஜ். பக்கம் ஐந்து. இமேஜ். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

“உனக்காகவா பண்ணேன்? தேர்வுக் குழு பார்க்கத்தான் லா” என்றேன்.

“சரி, நான் எதிரணி. படமே இல்லாம சொல்லு. எல்லாச் சுத்துலயும் தோத்துப்போன டீம், மீதி நாள் இங்க என்ன செய்யும்? என்னை மாதிரி ஒரு பிள்ள வந்தா ஹால்லேருந்து டாய்லெட்டுக்கு எப்படிப் போகும்?”

கோபம் வந்தால் நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். கை கழுவிக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். எதிரே இருந்த காலி நாற்காலியிடம் அவள் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாளோ, இன்றும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். “கோவம் தீந்துச்சா? சனிக்கிழம கொமுட்டர் ரயில் ஏறி வரேன். அந்த ஹாலக் காட்டு.”

வந்தாள். மண்டபம் முழுக்கக் கைத்தடியால் தட்டித் தட்டி நடந்தாள். அவள் தடுக்கிய இடங்களை எல்லாம் நான் குறித்துக்கொண்டேன். தோற்ற அணிகளுக்காக எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து பேசும் நட்பு விவாதங்களைச் சேர்த்தோம். நாற்பது பக்கம் பதினொன்றாகக் குறைந்தது.

தேர்வுக் குழுவின் காணொளி நேர்காணலுக்கு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். உங்களோடு மோதும் நகரத்தில் இதைவிடப் பெரிய மண்டபம் இருக்கிறதே என்று குழுத் தலைவர் கேட்டார். விவாதக்காரியின் நாக்கு சும்மா இருக்குமா? அந்த நகரத்தைக் கிழித்துத் தொங்கவிட வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் தோழி என் காலை மிதித்தாள். நல்ல மிதி. பிறகு, அவர்களுடைய மண்டபம் பெரியதுதான் என்று ஒப்புக்கொண்டு, தோற்றுப்போகும் பிள்ளைகளுக்காக நாங்கள் யோசித்து வைத்திருந்ததை நிதானமாக விளக்கினாள். குழுவினர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். அந்த ஒரு மிதிக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

போட்டி எங்களுக்கே என்று கடிதம் வந்த அன்று அவளிடம் நன்றி சொன்னேன். இத்தனை வருட நட்பில் அதுதான் முதல் தடவை.

“எனக்கு அப்புறம் சொல்லு. மொதல்ல அந்தப் பிள்ளைக்குப் போன் போடு” என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாணவி “அப்பா!” என்று கத்தினாள். போனை அவள் அப்பா வாங்கினார். மகள் மேடையில் பேசி அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவள் பெட்டாலிங் ஜெயா போய்ப் போட்டியில் பேசும் நேரம் அவர் லோரியோடு ரோட்டில் இருப்பார்.

“லீவு போட்டுட்டு நானும் வரேன் டீச்சர்” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “வெளிநாட்டுக்காரங்கல்லாம் வருவாங்களே, எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்களா?”

“உள்ள விடுறதே நாமதான் அண்ணே” என்றேன்.