செம்பவாங்கில் இரண்டு கணினிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் நான் கணினி ஆபரேட்டராக வேலை பார்த்தேன். வீடு சிராங்கூன் சாலைப் பக்கம். பூக்கடைகள் திறக்கும் நேரத்தில் பஸ் ஏறினால், கம்பம் என்கிற பழைய கிராமங்களின் வீடுகளையும், பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளையும் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருக்கும். அரைத் தூக்கத்தில் எது கண்ணால் பார்த்தது, எது கனவு என்று தெரியாது. விழிக்கும்போது மரங்களுக்கிடையே கடல் மின்னும்.

என் அறைக்குச் சன்னல் கிடையாது. அலமாரி அலமாரியாக வரிசையில் நின்றது எங்கள் பெரிய கணினி. தரைக்கடியிலிருந்து குளிர்காற்று எழும்பிக்கொண்டே இருக்கும். ஓயாத அந்த ரீங்காரத்தில் உட்கார்ந்திருந்தால், தண்ணீருக்கடியில் எங்கோ இருப்பது போலத் தோன்றும். சம்பளம், ஸ்டோர் சரக்கு, கப்பல்களின் எடைக் கணக்கு எல்லாம் அந்த ஒரு கணினியிடம்தான் வந்து வரிசையில் நிற்கும். அதை ஓட்டுகிறவள் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மாடியில், கப்பல் வடிவமைப்புப் பிரிவில், என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக ஓர் இஞ்சினியர் இருந்தாள். ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை கோயர் பாட்டுக்குழுக் கதைகளோடு என்னிடம் சாப்பிட வருவாள். கெஞ்சிக் கூத்தாடித் தன் பிரிவுக்கு ஒரு மேசைக் கணினி வாங்க வைத்தவள் அவள்தான்.

“அக்கா, வந்து பாருங்க. உங்க ஆளுக்குத் தம்பி வந்துருக்கான்.”

மூடியைக் கழற்றி உள்ளே காட்டினாள். என் விரல் நீளம்கூட இல்லாத கறுப்புச் சில்லு ஒன்று, பூரானைப் போல இரண்டு பக்கமும் கால்களோடு.

“இதுதான் பிராசஸர். மூளையே இவ்வளவுதான் லா.”

கீழே என் கணினியின் மூளைக்கு ஒரு முழு அலமாரி, அதற்குள் அடுக்கடுக்காகப் பலகைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதை வெச்சுக்கிட்டுக் கப்பல் கணக்கா போடப் போற?”

“ஏன், போட்டி வெச்சுப் பாத்துடுவோமே.”

ஒரே எடைக் கணக்கை இரண்டுக்கும் ஏற்றபடி எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில், பெரிய கணினிக்கு வேறு வேலை இல்லாதபோது, இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினோம். அவள் படியிறங்கி என் அறைக்கு வருவதற்குள் என்னுடையது முடித்து, பிரின்டர் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு, கை கழுவி, மாடிக்குப் போனோம். விடை இன்னும் வரவில்லை; திரையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“சே, மானம் போச்சு” என்றாள்.

“விடும்மா, சின்னப் புள்ளதானே” என்று ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

அதற்குப் பிறகு ஒரு மாதக் கடைசி. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றை அன்று மாலை, கடல் ஏற்றத்தோடு மிதக்கவிட வேண்டும். காலையில்தான் தெரிந்தது, கப்பல்காரர்கள் எரியெண்ணெயை வேறு தொட்டிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். எடை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பார்க்காமல் தண்ணீரை விட்டால், மிதக்கும்போது கப்பல் ஒரு பக்கம் சாயலாம். துறையோரம் கயிறு பிடித்து ஆட்கள் நிற்பார்கள்.

அவள் ஓடி வந்தாள். “அக்கா, உடனே ஓட்டணும்.”

பெரிய கணினியில் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஸ்டோர். தளம் முழுவதும் அதே கணினியோடு இணைத்த டெர்மினல்களில் ஆட்கள் வேறு. மேனேஜரிடம் கேட்டேன். சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்றார். வரிசையில் போட்டேன். கணினி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நேரத்தைப் பங்கு வைத்தது. எங்கள் கணக்கு அசையவே இல்லை. அத்தனை வேகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன்.

“மேல போய் உன்னோடதுல போடு” என்றேன். “அதுக்கு வேற வேல இல்ல.”

நானும் கூடப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. உலர்துறையும் கிரேன்களும் அக்கரை ஜொகூரும் ஒரே வெள்ளையில் கரைந்தன. அவள் நகம் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் என் மனம் எங்கெங்கோ போனது. அந்தக் கறுப்புச் சில்லு ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு, விளக்கேந்தி இறங்கிப் பார்த்துவிட்டு வருவதாகத் தோன்றியது. வேறு வேலைக்கு யாரும் அதைக் கூப்பிடவில்லை. அது யாருக்காகவும் நிற்கவில்லை.

மழை விடும் முன்பே எண்கள் ஒவ்வொரு வரியாக வரத் தொடங்கின. அவள் பேனாவால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“இடது பக்கம் சாயும்க்கா. இடது பின் தொட்டியிலேர்ந்து கொஞ்சம் எண்ணெயை வலது பக்கம் அனுப்பணும்.”

துறைமேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். எண்ணெயை மாற்றினார்கள். மதகு திறந்தது. நனைந்த படிக்கட்டில் நின்று பார்த்தோம். தண்ணீர் ஏற ஏற, அத்தனை பெரிய இரும்பு, யாரோ தூக்கத்தில் புரண்டது போல மெல்ல அசைந்து, நேராக நின்றது. அவள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அழுகிறாளா, முகத்தில் மழைத்துளியா என்று தெரியவில்லை.

என் கணினி அந்தக் கணக்கை மறுநாள் காலைதான் முடித்தது. அதே விடை. கடைசி இலக்கங்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன. கப்பல் அதற்குள் நடுக்கடலுக்குப் போயிருக்கும்.

பிறகு மாடியில் இன்னும் சில மேசைக் கணினிகள் வந்தன. சம்பளமும் ஸ்டோரும் கீழேயே ஓடின. அத்தனை பேரை ஒன்றாகத் தாங்க அதனால்தான் முடிந்தது. எது வேகம் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால், எந்த நாளில், யாருக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பேன். அடுத்த ஆண்டு மேனேஜரிடம் போய், காலையில் கீழேயும் பிற்பகலில் மாடியிலும் வேலை செய்கிறேன் என்றேன். சரி என்றார். அவள் தன் மேசையைச் சற்றுத் தள்ளிப்போட்டு, சன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலிக்கு இடம் விட்டாள்.