எந்திரி ராசா

கோமளா என் தம்பி பெண்டாட்டி. கோவில்பதாகையில் பிறந்து வெள்ளானூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன், மற்றது உங்களுக்கே விளங்கும். கல்யாணமாகிப் பேரன் எடுக்கிற வயசு வந்தும் புருஷன் பேரை அவள் வாயால் சொன்னது கிடையாது.

என் தம்பி பேர் எத்திராஜ். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு எத்திராஜ் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு அந்தச் சாமி பேரை வைக்காமல் இருப்போமா? ஒரு தடவை ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத வந்தவர், "ஊட்டுக்காரர் பேர் சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறார். இவள், "ஸ்ரீபெரும்புதூர் சாமி பேருங்க" என்றிருக்கிறாள். அவர் ராமானுஜம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எத்திராஜ் என்பதும் அதே சாமி பேர்தான், அதனால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அதை மாற்றி வாங்குகிறவரைக்கும் என் தம்பி வாசலில் நின்று, "ராமானுஜம் பொண்டாட்டி, டீத்தண்ணி கீதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டு அவள் மானத்தை வாங்கினான்.

அவர்களுக்கு இரண்டு எருமை. கோமளா கறப்பாள், இவன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுவான். அங்கே தூத்துக்குடிக்காரர், சேலத்துக்காரர், கோயமுத்தூர்க்காரர் என்று எல்லா ஊர் ஜனமும் உண்டு. "பால்ல தண்ணின்னு எந்த ஊரு பாஷைல திட்னாலும் எனக்குப் புரியும்க்கா" என்பான்.

கோமளாவுக்கு இன்னொரு பேரும் உண்டு. அவளைப்போல ஒப்பாரி வைக்க எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை. காசுக்குப் பாடுகிறவள் இல்லை அவள். சாவு என்று காதில் விழுந்தால் கை வேலையைப் போட்டுவிட்டுப் போவாள். அவள் குரல் எழும்பினால், பத்து வருஷம் பேசாமலிருந்த பங்காளிகூடத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்புவான். ஆனால் பிணம் இல்லாத இடத்தில் ஒரு வரி வராது. ஒரு நாள் காலேஜ் பெண்கள் போனும் கையுமாக வந்து பாடச் சொன்னார்கள்.

"யாரு செத்தாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. இது ஆராய்ச்சிக்கு."

"அப்ப மோர் குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவுதான். ஆள் சாகாமல் ஒப்பாரி கேட்டால், அது ஒரு ஆளைத் தேடிக்கொண்டு போகும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. விளக்கு வைக்கிற நேரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். நானும் அதை நம்புகிறவள்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி பால் ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. மகன் விக்ரம் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். கம்பெனியில் விடவில்லை. பிள்ளை அங்கிருந்தாவது அப்பன் முகத்தைப் பார்க்கட்டும் என்று ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு, சாவை நெட்டில் லைவ் போட்டோம். இப்போது எல்லா வீட்டிலும் அதுதானே நடக்கிறது.

அன்றைக்குத்தான் கோமளா புருஷன் பேரைச் சொன்னாள். தலையை விரித்துக்கொண்டு, காலடியில் விழுந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவள் எந்தச் சாவுக்கும் போகவில்லை. எருமைகளை விற்றாள். புதுசாக எழும்பின ஃபிளாட்டுகளுக்கு இட்லி மாவு பாக்கெட் போட்டாள். வீடு உண்டு, கிரைண்டர் உண்டு என்று கிடந்தாள்.

அவள் மகள் லாவண்யா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள். அம்மாவை எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று, ஊத்துக்கோட்டையைத் தாண்டி இருக்கிற ஒரு பழைய அரண்மனைக்கு டிக்கெட் போட்டாள். அரண்மனை பேர் இங்கே வேண்டாம். சாயங்காலத்தில் காதில் ஒன்றை மாட்டிவிடுவார்களாம், நடந்துகொண்டே ராஜா கதையைக் கேட்கலாமாம். என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தாள். நான் காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உதயகுமார் என்று ஒரு பிள்ளை. அந்தச் சத்தத்தையெல்லாம் சேர்த்து வைத்தவனே அவன்தான். என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "ஆயா, எந்த ரூம்ல கால் வெக்கிறீங்களோ அந்த ரூம் சத்தம் தானா வரும், பயப்படாதீங்க" என்றான்.

"நான் இன்னாத்துக்குப் பயப்படப் போறேன்" என்றேன்.

அடுத்த நிமிஷமே என் முதுகுக்குப் பின்னால் குதிரை ஓடி வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மீசைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பினால் வெறும் சுவர். லாவண்யா சிரித்த சிரிப்பு ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. சமையல்கட்டில் எண்ணெய் காய்ந்தது. கோமளா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள்.

"அண்ணி, கடுகு பொரியுது. வாசனைதான் வரமாட்டேங்குது."

அவள் சிரித்து நான் பார்த்தது தம்பி போன பிறகு அதுதான் முதல் தடவை.

கடைசி அறை, ராஜா உயிர் விட்ட அறை. பெரிய கட்டில், ஒரே ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே கால் வைத்தோம். காதுக்குள் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

கோமளா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "யாரு பெத்த பொண்ணோ, இன்னாமா அழுவுறா பாரு அண்ணி. நெஞ்சைப் புடுங்குறா" என்றாள்.

அது அவள் குரலேதான். தன் குரல் வெளியிலிருந்து வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்தக் குரலுக்குப் பக்கத்தில் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

ஆனை கட்டும் வாசலிலே
ஆரைக் காவல் வெச்சிப் போன?
தங்கக் கதவு தொறந்திருக்க
தனிவழியா ஏன் நடந்த?
ஏழு தெரு ஏங்குதையா
எத்திராசா, எத்திராசா…

பேர் வந்ததும் கோமளாவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. ஹெட்போனைக் கழற்றின விதத்தில் காதுத் தோடு கீறிவிட்டது. அவள் முதலில் சன்னலைத்தான் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு வைக்கிற நேரம்.

"லாவண்யா, உங்க அண்ணனுக்குப் போன் போடு."

"இப்ப அவனுக்கு டூட்டிம்மா."

"போடு."

மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. அந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை அவன். ஒப்பாரி அவனைத் தேடிக்கொண்டு போய்விட்டதோ என்று அவள் நினைத்ததுதான் எனக்கும் நினைப்பு.

சத்தம் கேட்டு உதயகுமார் ஓடி வந்தான். நான் பிடித்துக்கொண்டேன்.

"இது யாரு அழுகைப்பா?"

"நெட்ல கெடச்சது ஆயா. நாடகத்துல நடிக்கிறவங்கள வெச்சு எடுத்துப் பாத்தோம், பொய்யா இருந்துச்சு. இது உயிரோட இருந்துச்சு. அரமனை மாதிரி தங்கக் கதவு, ஆனைன்னு வேற வந்துச்சு. ஏதோ பழைய ஜமீன்ல பாடினது போலன்னு நெனச்சோம். ஒவ்வொரு தடவையும், 'எந்திரி ராசா, எந்திரி ராசா'ன்னு…"

"எந்திரி ராசா இல்லப்பா. எத்திராசா. என் கூடப் பொறந்தவன். ஆவடில பால் ஊத்தினவன். ஆனைன்னா ரெண்டு எருமை. தங்கக் கதவுன்னா தகரக் கதவு. செத்தவன் எவனா இருந்தா இன்னா, ஒப்பாரில அவன் ராசாதான். தோ நிக்கிறாளே, அவதான் அழுதவ."

அவன் கோமளாவைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"எத்தினி நாளா இது கேக்குது?" என்று கோமளா கேட்டாள்.

"ஆரம்பிச்சதுல இருந்தேம்மா. மழை நாள் தவிர."

"தெனமுமா? இந்த நேரத்துலயா?"

அவன் தலையை ஆட்டினான். நாங்கள் வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு மாவு கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும், இங்கே என் தம்பிக்காக அவள் தலைவிரித்து அழுதிருக்கிறாள். டிக்கெட் வாங்கினவர்கள் கேட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

"இப்பவே நிறுத்து" என்றாள் கோமளா.

"நிறுத்திடறேம்மா. கம்ப்யூட்டர் முன்னாடி ஆபீஸ்ல இருக்கு. ஆனா அடுத்த கூட்டம் உள்ள வந்துட்டாங்க, இந்த ஒரு தடவை மட்டும்…"

"கால் வெச்சாத்தானே சத்தம் வரும்?"

"ஆமாம்மா."

"அப்ப எவன் கால் வெக்கிறான்னு பாக்கறேன்."

அறை வாசற்படியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்வேன்? முட்டி வலியோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதயகுமார் ஆபீஸைப் பார்த்து ஓடினான்.

கூட்டம் வந்தது. காதில் ஹெட்போன், கையில் போன். எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். தலை கலைந்து, காதோரம் ரத்தத்தோடு ஒரு பொம்பளை ராஜாவின் வாசலில் கிடக்கிறாள். இதுவும் கதையில் ஒரு பங்கு என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண், "செமையா பண்றாங்க இல்ல" என்றாள். ஒருவர் குனிந்து, "ராணியம்மா, இப்பிடித் திரும்புங்க, ஒரே ஒரு போட்டோ" என்றார்.

"ராணியா? மாவு விக்கிறவய்யா அவ" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். என் வயசுக்கு எத்தனையோ பார்த்துவிட்டேன். சாவு அழுகைக்குக் கை தட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோமளாவுக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஐயா, உள்ள வராதீங்க" என்றாள் மெல்ல. "என் புள்ள போன் எடுக்கல."

சிரித்த பெண் ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னாம்மா சொன்னீங்க?"

"என் புள்ள போன் எடுக்கலம்மா. நீங்க கால் வெச்சா நான் அழுவேன். நான் அழுதா அவனுக்கு ஆவாது."

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு கையையும் விரித்து மற்றவர்களைப் பின்னால் தள்ளினாள். ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றினார்கள். போட்டோ கேட்டவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரும் போகவும் இல்லை, வரவும் இல்லை. லாவண்யா மட்டும் திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

உதயகுமார் மூச்சு வாங்க வந்தான். "எடுத்துட்டேம்மா. இனிமே இந்த ரூம்ல ஒண்ணும் வராது."

கோமளா எழுந்திருக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்தது.

விக்ரம்தான். தலையில் இன்னும் வேலைத் தொப்பி.

"இன்னாம்மா ஆச்சு, இத்தினி தபா போன்? போனு லாக்கர்ல கீது, இப்பத்தான் டூட்டி முடிஞ்சுது."

"மூஞ்சியக் கிட்ட காட்டு."

"தோ."

"அந்தப் பக்கம் திரும்பு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ எங்க கீற? அத்தை ஏன் கீழ குந்திகினு கீது?"

லாவண்யா போனை வாங்கி நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"அம்மா, அதை நான் எப்பவும் கேக்குறேன்."

"எதை?"

"அதான், அப்பாவுக்கு நீ அழுதது. வெள்ளிக்கெழம லீவுல நெட்ல போட்டுக் கேப்பேன். ரூம்ல எட்டுப் பேரு, போர்வைய இழுத்து மூடிகினு ஹெட்போன்ல கேப்பேன்."

"எத்தினி நாளா?"

"அப்பா போனதுல இருந்தே."

பிணம் இல்லாத அறையில், யாருக்கு ஆகாது என்று அவள் படியில் கிடந்தாளோ அதே பிள்ளையின் காதில், நாலு வருஷமாக அந்த ஒப்பாரி விழுந்திருக்கிறது. அவன் தொப்பியோடு எங்கள் எதிரில் நிற்கிறான். ஊர்ப் பேச்சு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் நிற்கிறதும் பொய் இல்லை.

கோமளா கேட்டபோது அவள் குரல் மாறியிருந்தது.

"கேட்டுட்டு அழுதியாடா?"

"ம்."

"நல்லா அழுதியா?"

"எங்க அழுவுறதும்மா… பக்கத்துல படுத்துகினு கீறானுங்க."

"சரி. போய்ச் சாப்பிடு."

சுவரைப் பிடித்து எழுந்தாள். என்னையும் தூக்கிவிட்டாள். கூட்டம் வழி விட்டது. உதயகுமார் பின்னாலேயே வந்து, நெட்டிலும் அது இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி எடுப்பார்கள், ஸ்டூடியோக்காரரிடம் பேசி அங்கிருந்தும் அழித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

"அழிச்சுடச் சொல்லுப்பா. மொதல்ல அதைச் செய்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கோமளா என் பேச்சைக் கேட்கவில்லை.

"வாணாம் தம்பி. இங்க எடுத்தது போதும். அது கெடக்கட்டும். அவன் இன்னும் அழுது முடிக்கல."