பெல்ஜியத்தின் மேல் விழுந்த ஜெர்மனி

போன வாரம் சின்ன காஞ்சிபுரத்தில் மருமகளோடு புடவைக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் எழுந்து வந்து கைகூப்பினார். "தெரியுதா சார்? நான்தான் ஆஸ்திரியா." மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கோ அத்தனை புதுப் பட்டின் வாசனைக்கு நடுவிலும் ஒன்பதாம் வகுப்பின் சாக்பீஸ் வாசனை வந்துவிட்டது.

அப்போது நான் புது சரித்திர வாத்தியார். ஆய்வாளர் வந்து பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். பாடம், முதல் உலகப் போரின் பின்னணி. எந்த நாடு எதனோடு ஒப்பந்தம் போட்டது என்று நான் ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

அதனால் ஒரு யோசனை செய்தேன். ஆளுக்கொரு நாடு. ஒப்பந்தம் போட்ட நாடுகளின் மணிக்கட்டுகளைப் பட்டு நூலால் இணைப்பது. ஆஸ்திரியா செர்பியாவின் கையைப் பிடித்து இழுத்தால், செர்பியாவோடு ரஷ்யா எழும், ரஷ்யாவோடு பிரான்ஸ் எழும். இழுத்ததும் அவிழ்வதுபோலக் கட்டச் சொன்னேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, புதுப் பாவின் இழைகளைச் சாம்பல் தொட்டு அதனோடு முறுக்கிப் பிணைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பிணைத்த இழை விட்டுப்போனால் வீட்டில் முதுகு பழுத்துவிடும். நான் சொன்னதைக் காதில் வாங்காமல், சாம்பலுக்குப் பதில் சாக்பீஸ் தூளைத் தொட்டு முறுக்கி வைத்திருந்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். கடைசி பெஞ்சில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவே போய் உட்கார்ந்தார். நடுவில் இருப்பது பெல்ஜியம்தானே என்று அந்த இரண்டு பயல்களுக்கும் தோன்றியிருக்கிறது. பாடத்தை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவர்களை நான் பிறகு பார்த்ததே இல்லை. ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் நூல் ஏறியதை அவர் கவனிக்கவில்லை.

ஆஸ்திரியா இழுத்தான். செர்பியா விழுந்தாள். ரஷ்யா, பிரான்ஸ், பெஞ்ச் என்று வரிசையாகச் சாய்ந்தன. பெல்ஜியம் தரையில் கிடந்தது. அதன் மேல் ஜெர்மனி. என் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

எழுந்து தூசி தட்டிய ஆய்வாளர், யார் ஆரம்பித்தது என்று கேட்டார். எல்லா நாடுகளும் அடுத்த நாட்டைக் கைகாட்டின. செர்பியா மட்டும் பதில் சொன்னாள்.

"யாரும் ஆரம்பிக்கல சார். அவன் லேசாத்தான் இழுத்தான். நூலு வுடல. எல்லாரும் வுழுந்துட்டோம்."

அவர் நூல் தொங்கிய கையை நீட்டினார்.

"பெல்ஜியத்துக்கு ஒரு பிளேடு குடுங்கபா."

வேலை நிரந்தரமானது. கல்யாணமும் நடந்தது. இப்போது அந்தப் பள்ளியில் பெரிய திரையில் போர் ஓடுகிறது, குண்டுச் சத்தத்தோடு. ஆளுக்கொரு தனி நாற்காலி. ஒருவன் விழுந்தால் அவன் மட்டும்தான் விழுகிறான்.