பாலம் கடக்கும் திட்டம்

ஹட்டன் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே நானும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் என்னோடு வளர்ந்த கூட்டாளியும் இணையத்தில் போர் விளையாடினோம். நான் டாங்கி ஓட்டுவேன், அவன் விமானம். எதிரணியில் எந்த நாட்டுக்காரர்கள் இருந்தார்களோ, எங்களை மூட்டைப்பூச்சி மாதிரி நசுக்கினார்கள். தோற்கும் போதெல்லாம் தவறு அவனுடையது என்றுதான் சொல்வேன். எனக்கு வாய் நீளம், அவனுக்குப் பொறுமை அதிகம்.

உண்மையில் எங்களைத் தோற்கடித்தது நேரம். டாங்கி பாலத்துக்கு வந்த பிறகு விமானம் கிளம்பினால், அது வந்து சேர்வதற்குள் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பீரங்கி என்னைக் கொளுத்திவிடும். விமானம் முதலில் எழ வேண்டும். நான் மரங்களுக்குள் காத்திருந்து, அவன் மேட்டில் குண்டு போட்ட நொடியில் பாலத்தில் ஏற வேண்டும். இதை அவன் மண்டையில் ஏற்ற ஒரு படம் வரைந்தேன். கையில் அகப்பட்டது அவனுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் உபரி போட்டோகொப்பி. அதன் பின்பக்கத்தில் பாலம், மேடு, அம்புக்குறிகள், 'இங்கே குண்டு', 'டாங்கி இப்போது கடக்கும்' எல்லாம் எழுதினேன். என் கையெழுத்து அழகானது, அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அன்று வென்றோம். மடையன், அந்தத் தாளைச் சான்றிதழ் பைலிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டான்.

வடக்கில் நிஜப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அடுத்த வாரம் நுவரெலியாவில் எங்கள் இருவருக்கும் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு. அது கிடைக்காவிட்டால் கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலைதான். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

கொட்டகலை தாண்டியதும் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அவனுடைய பைலைத் திறந்தவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு, இதை எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

கூட்டாளி என்னைப் பார்த்தான்.

இது விளையாட்டு என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். கடையில் சிங்களப் பையன்களோடு மணிக்கணக்கில் அதைத்தானே பேசினேன். ஆனால் என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவனைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாதுங்க. ஒரே பஸ்ல வந்தோம், அவ்வளவுதான்."

"நான்தாங்க எழுதினேன் சேர், கேமுங்க, கம்ப்யூட்டர் கேமு," என்றான் அவன். அவனுடைய சிங்களம் அரைகுறை என்பதால் தமிழிலேயே சொன்னான். ஜீப்பில் ஏற்றினார்கள்.

பஸ் கிளம்பியது. அவன் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டேன். நேர்முகத் தேர்வில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிப்பது பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னேன்.

நான்காம் நாள் அவனை விட்டார்கள். கேள்விப்பட்டதும் லயத்துக்கு ஓடினேன். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. அவனைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"என் பேரச் சொல்லிட்டியாடா?"

"இல்லடா," என்றான். தண்ணீர் குடித்துவிட்டு, "நீ இன்டவியூ நல்லா செஞ்சியா?" என்று கேட்டான்.

குத்திக் காட்டுகிறானோ என்று அவன் முகத்தைத் தேடிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"நல்லா செஞ்சேன்," என்றேன்.

கிழிந்த உதட்டோடு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவனை வெறுத்தேன்.